'பொது' என்ற சொல்லின் மீது உரிமை: கிளமாத் ஆற்று அணைகளின் மறுஉரிம வரலாறு



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் ஆற்றின் மீது கட்டப்பட்ட அணைகளும் அவற்றுக்குத் தரப்பட்ட உரிமமும். இலக்கிய மேடையில் உரிமத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 'பொது' என்ற ஒற்றைச் சொல்லுக்காகத்தான் இதை எடுத்துக்கொண்டோம். பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுவழி, பொதுச்சுடுகாடு என்று எதெல்லாம் நம் ஊர்களில் பொது என்று எழுதப்பட்டதோ அதிலெல்லாம் நமக்கு இடமில்லாமல் இருந்தது. ஊரில் 'பொதுமக்கள்' என்று தண்டோரா போட்டபோது அந்தச் சொல் சேரியின் எல்லையோடு நின்றுவிட்டது.

மகாத் நகரின் சவுதார் குளத்தை நினைத்துப் பாருங்கள். 1923 இல் பம்பாய் சட்டமன்றம் பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாத மக்களுக்குத் திறந்துவிடும் தீர்மானத்தை நிறைவேற்றியது. மகாத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிடுவதாக முடிவெடுத்தது. காகிதத்தில் திறந்த குளத்தில் யாரும் கால் வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் சென்ற மக்கள் அந்த நீரை அள்ளிக் குடித்தார்கள். அதன்பின் நடந்ததை நாம் குறைவாகவே பேசுகிறோம். சாதி இந்துக்கள் நீதிமன்றம் சென்றார்கள். குளம் பொதுவானதல்ல, தங்களுக்கே உரியது என்று வழக்காடினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1937 மார்ச்சில், அவர்கள் சொன்ன பழைய வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடித்தது ஒரு நாள். அந்த நீர் பொது நீர் என்று ஏட்டில் ஏற்ற ஆனது பத்து ஆண்டுகள்.

அதே சொல்லுக்காக வேறொரு கண்டத்தில், வேறொரு ஒதுக்கப்பட்ட மக்கள் நடத்திய நீண்ட வழக்காடலைத்தான் இன்று பேசப்போகிறோம். அமெரிக்கப் பூர்வகுடிகளின் வரலாறும் நம் வரலாறும் ஒன்றல்ல. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது நிலமும் நாடும். நம்மை ஊருக்குள் வைத்துக்கொண்டே ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆனால் அரசு 'பொதுமக்களின் கருத்து' என்று சொல்லும்போது அந்தப் பொதுமக்களில் யார் அடங்குவார்கள் என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆறும் அணைகளும்

கிளமாத் ஆறு அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தின் தெற்கில் ஓர் ஏரியிலிருந்து புறப்பட்டு, 400 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடி, வட கலிபோர்னியாவில் பசிபிக் கடலைச் சேர்கிறது. அலாஸ்கா நீங்கலாக அந்நாட்டு மேற்குக் கரையில் சால்மன் மீன் மிகுதியாக ஏறும் ஆறுகளில் இது மூன்றாவது. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் அதே ஆற்றில் ஏறி வரும். அந்த வருகையை வைத்தே கரையோர மக்கள் வாழ்ந்தார்கள். கடல்முகத்தில் யூரோக், கிளைநதியான டிரினிட்டியில் ஹூபா, நடுவே காருக், அதற்கு மேல் ஷாஸ்டா, தலைப்பகுதியில் கிளமாத் பழங்குடிகள். சால்மன் அவர்களுக்கு உணவாகவும் சடங்காகவும் உறவு முறையாகவும் இருந்தது.

1918 இல் காப்கோ முதல் அணை மின்சாரம் தரத் தொடங்கியது. கட்டியது தனியார் மின் நிறுவனம். ஷாஸ்டா மக்களின் நிலம் அதற்காகக் கட்டாயமாகக் கையகப்படுத்தப்பட்டது. அவர்களின் ஊர்கள் இருந்த பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. மீன் ஏறிச் செல்ல வழி விடப்படவில்லை. பதிலுக்கு ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகம் போதும் என்று அரசு ஒப்புக்கொண்டது. பூர்வகுடிகள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை வழங்கிய சட்டம் வந்தது 1924 இல். அணை எழுந்தபோது அந்த ஆற்றங்கரை மக்களில் பலர் சட்டப்படி அந்நாட்டுக் குடிமக்களாகவே கருதப்படவில்லை. குடிமகனாகவே இல்லாதவனிடம் யார் கருத்துக் கேட்பார்கள்?

1925 இல் காப்கோ இரண்டாம் அணை, 1958 இல் ஜே.சி. பாயில் அணை, 1962 இல் அயர்ன் கேட் அணை என்று வரிசை நீண்டது. நான்கும் சேர்ந்து 600 கிலோமீட்டருக்கும் அதிகமான மேல் நீர்வழிகளைச் சால்மனுக்கு அடைத்துவிட்டன. நான்கின் மொத்த மின் திறன் சுமார் 160 மெகாவாட். அவற்றிலிருந்து பாசனத்துக்கு ஒரு சொட்டு நீரும் போகவில்லை. மின்சாரம் மட்டுமே அவற்றின் பயன்.

1954 இல் நடந்த இரண்டு செயல்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு கூட்டாட்சி மின் ஆணையம் இந்த மின் திட்டத்துக்கு 50 ஆண்டு உரிமம் வழங்கியது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் கிளமாத் பழங்குடிகளுக்கான கூட்டாட்சி அங்கீகாரத்தை முடித்துவைத்தது. நிறுவனம் சட்டப்படியான ஆளாகப் பதிவானது; ஒரு மக்கள் கூட்டம் சட்டத்தின் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. 1986 வரை, 32 ஆண்டுகள், அந்த அங்கீகாரம் திரும்பவில்லை.

கீழ்ப்பகுதியிலும் இதே கதைதான். யூரோக் மீனவர் ரேமண்ட் மாட்ஸின் வலைகளை 1969 இல் மாநில அதிகாரிகள் பறித்தார்கள். அந்த நிலம் இனிப் பூர்வகுடி நிலமல்ல என்பது மாநிலத்தின் வாதம். 1973 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. உரிமம் முடியும் நாளில் யூரோக் மக்கள் விசாரணையின் கதவைத் தட்ட முடிந்ததற்கு, அந்த வலைக்காக நடந்த வழக்கும் ஒரு காரணம்.

முடியும் தேதி உள்ள உரிமம்

1920 இல் வந்த கூட்டாட்சி நீர்மின் சட்டத்தின் அடிப்படை எளியது. ஆறு நாட்டுக்குச் சொந்தம். தனியார் நிறுவனம் அதில் மின்சாரம் எடுக்கலாம். ஆனால் உரிமம் அதிகபட்சம் 50 ஆண்டு. அது முடிந்ததும் நிறுவனம் மீண்டும் வந்து கேட்க வேண்டும். ஆணையம் புதிய நிபந்தனைகளோடு தரலாம், மறுக்கவும் செய்யலாம். 1997 இல் மெய்ன் மாநிலத்தின் கென்னபெக் ஆற்றில் இருந்த எட்வர்ட்ஸ் அணைக்கு, உரிமையாளர் விரும்பியும், ஆணையம் முதல்முறையாக மறுஉரிமம் மறுத்து அணையை அகற்றச் சொன்னது. 1837 இல் எழுந்த அந்த அணை 1999 ஜூலையில் உடைக்கப்பட்டது.

ஆனால் சட்டம் வந்த நாளிலேயே மக்களுக்கு இருக்கை கிடைத்துவிடவில்லை. நீண்ட காலம் விசாரணை என்றால் நிறுவனமும் பொறியாளரும் அதிகாரியும் மேசையைச் சுற்றி உட்காருவது மட்டுமே. ஹட்சன் ஆற்றங்கரையில் ஸ்டார்ம் கிங் மலையைக் குடைந்து மின் நிலையம் கட்டும் திட்டத்தை எதிர்த்த வழக்கில், 1965 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குடிமக்கள் அமைப்புகளுக்கும் வழக்காடும் தகுதி உண்டு என்றது. ஆணையம் நடுவரைப்போலச் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, பொதுநலன் எது என்று தானே தேடிப்போக வேண்டும் என்றும் சொன்னது. 1984 இல் கொலம்பியா ஆற்று அணை ஒன்றைப் பற்றி யாகிமா பழங்குடிகள் தொடுத்த வழக்கு இன்னும் முக்கியமானது. பழைய அணைதானே, உரிமத்தைப் புதுப்பித்துவிட்டு மீனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆணையம் இருந்தது. மறுஉரிமம் என்பது வெறும் நீட்டிப்பல்ல, இன்னொரு தலைமுறைக்கு ஆற்றைப் புதிதாக ஒப்படைக்கும் செயல். ஆகவே மீனின் கேள்விக்கு உரிமத்துக்கு முன்பே பதில் வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986 இல் சட்டமே திருத்தப்பட்டது. மின்சாரத்துக்குத் தரும் அதே மதிப்பை மீனுக்கும் காட்டுயிருக்கும் சூழலுக்கும் தர வேண்டும் என்பது விதியானது.

இப்படிப் படிப்படியாக உருவான நடைமுறையின் உறுப்புகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமம் முடிய ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும்போதே நிறுவனம் தன் எண்ணத்தை அறிவித்தாக வேண்டும். எந்த ஆய்வு தேவை என்று பழங்குடிகளும் பொதுமக்களும் காரணம் காட்டிக் கேட்கலாம். முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போது விண்ணப்பம் வர வேண்டும். கூட்டங்களில் பேசுவது எழுத்தில் பதிவாகிக் கோப்பில் சேரும். ஆனால் பேசியதால் மட்டும் ஒருவர் வழக்கின் தரப்பு ஆகிவிட மாட்டார். அதற்குத் தனியாக மனுச் செய்து தரப்பாகச் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்தவருக்குத்தான் ஆணை வந்த 30 நாளுக்குள் மறு விசாரணை கேட்கவும் பிறகு நீதிமன்றம் போகவும் உரிமை. மீன் வழி அமைக்கச் சொல்லும் அதிகாரம் ஆணையத்திடம் இல்லாமல் உள்துறை, வணிகத் துறைகளிடம் இருக்கிறது. அவை விதித்தால் ஆணையம் அதை உரிமத்தில் சேர்த்தே ஆக வேண்டும். மாநில அரசு நீரின் தரத்துக்குச் சான்று தராவிட்டால் உரிமம் இல்லை. ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவைத் தட்ட வழி இருந்தது என்பதே இதன் பொருள்.

உடம்பைச் சாட்சியாக்கியவர்கள்

கிளமாத் அணைகளின் உரிமம் 2006 இல் முடியவிருந்தது. நிறுவனம் 2000 இல் அறிவிப்புக் கொடுத்தது. இடையில், 2002 செப்டம்பரில், யூரோக் மக்களின் பகுதியில் மீன்கள் செத்து மிதந்தன. அரசுக் கணக்குப்படியே 33,000க்கும் மேல். அதைப்போல் இரு மடங்கு என்றார்கள் பழங்குடிகள். முந்தைய ஆண்டு வறட்சியில் விவசாயிகளுக்கு நிறுத்தப்பட்ட நீர் அந்த ஆண்டு பாசனத்துக்குத் திருப்பப்பட்டிருந்தது. குறைந்த, சூடான நீரில் நெருக்கியடித்த மீன்களைச் செவுள் நோய் தாக்கியது. அந்தச் சாவுக்கு உடனடிக் காரணம் இந்த நான்கு அணைகள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கரையில் நின்றவர்கள் இனி ஆற்றின் எந்தக் கேள்வியையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. உரிமக் கோப்பு அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

2004 இல் பசிபிகார்ப் நிறுவனம் தந்த விண்ணப்பத்தில் சால்மன் ஏற வழி எதுவும் இல்லை. அப்போது அந்த நிறுவனம் ஸ்காட்லாந்து மின் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. அதே ஆண்டு பழங்குடிப் பிரதிநிதிகள் பங்குதாரர் கூட்டத்துக்காகக் கடல் கடந்து ஸ்காட்லாந்து சென்றார்கள். 2006 இல் நிறுவனம் அமெரிக்கக் கோடீசுவரர் வாரன் பஃபெட்டின் குழுமத்துக்குக் கைமாறியதும், அந்தக் குழுமத்தின் பங்குதாரர்கள் கூடும் ஒமாகா நகருக்கும் போனார்கள். முதலாளி மாறினால் முகவரி மாறியது, கோரிக்கை மாறவில்லை.

இந்த வரலாற்றில் நம் கவனத்தை அதிகம் பிடித்து நிறுத்துவது காருக் மக்கள் ஆணையத்தின் முன் வைத்த ஓர் அறிக்கை. அதை எழுதியவர் காரி நோர்கார்ட் என்ற சமூகவியலாளர். காருக் குடும்பங்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள், எப்போது சால்மன் குறைந்தது, வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டுத் தொகுத்த அறிக்கை அது. முன்பு ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 200 கிலோ சால்மன் உண்ட மக்கள், இப்போது இரண்டரைக் கிலோ கூட உண்பதில்லை என்று அது மதிப்பிட்டது. நீரிழிவு அவர்களிடையே நாட்டுச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. ஆற்று மீனின் இடத்தை அரசு விநியோகித்த மாவும் சர்க்கரையும் கொழுப்பும் பிடித்துக்கொண்டன.

சமூகவியல் படித்தவர்களுக்கு இதன் கனம் புரியும். உரிம விசாரணையின் படிவத்தில் மீனுக்கு இடம் உண்டு. நீரின் வெப்பத்துக்கும், படகு விடுவோரின் பொழுதுபோக்குக்கும் இடம் உண்டு. அந்த மீனைத் தின்று வாழ்ந்தவரின் உடம்புக்குத் தனி இடம் இல்லை. காருக் மக்கள் தங்கள் நோயையும் பசியையும் எண்ணாக்கி, எழுத்தாக்கி, அந்தக் கோப்புக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். காப்கோ, அயர்ன் கேட் நீர்த்தேக்கங்களில் கோடையில் படரும் நச்சு நீலப்பச்சைப் பாசியின் மாதிரிகளையும் அவர்களே முன்னின்று சேகரித்தார்கள். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அதில் இருந்தது தெரிந்தது. அதுவரை 'பாதிக்கப்பட்டோர்' என்று பிறர் எழுதிய ஏட்டில் பெயராக இருந்தவர்கள், சாட்சியத்தைத் தயாரிப்பவர்களாக மாறினார்கள்.

2006 இல் இன்னொரு திருப்பம். மீன் வழி அமைக்க வேண்டும் என்று கூட்டாட்சித் துறைகள் விதித்தன. 2005 இல் வந்த எரிசக்திச் சட்டம், அத்தகைய நிபந்தனையின் பின்னால் உள்ள உண்மைகளை நீதிபதி முன் எதிர்க்கும் வாய்ப்பைத் தந்திருந்தது. மின் நிறுவனங்கள் விரும்பிப் பெற்ற ஏற்பாடு அது. பசிபிகார்ப் அதைப் பயன்படுத்தியது. அணைகளுக்கு மேலே சால்மன் எப்போதாவது ஏறியதா என்பதே அங்கு கேள்வியானது. நினைத்துப் பாருங்கள். தலைப்பகுதியில் வாழ்ந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்ட மீன் அங்கே இருந்ததா என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. பழைய பதிவுகளும் பழங்குடிகளின் சாட்சியங்களும் முன்வைக்கப்பட்டன. அந்த செப்டம்பரில் நிர்வாக நீதிபதி பார்லன் மெக்கென்னா, பெரும்பாலான கேள்விகளில் துறைகளின் பக்கமும் பழங்குடிகளின் பக்கமும் உண்மை இருப்பதாகக் கண்டார். மீன் அங்கே ஏறியது என்பது ஏட்டில் ஏறியது.

அந்த ஒரு வரி கணக்கைப் புரட்டியது. மீன் வழி கட்டினால்தான் உரிமம். கட்டினால் பல கோடி டாலர் செலவு. அந்தச் செலவோடு ஓட்டினால் அணைகள் நட்டத்தில் ஓடும் என்பதை 2007 இல் வந்த ஆணையத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையே காட்டியது. அணையை வைத்துக்கொள்வதைவிட அகற்றுவது நிறுவனத்துக்கு மலிவாகிவிட்டது. நீதி உணர்ச்சியால் அவர்கள் இறங்கி வரவில்லை. இறங்கி வந்தே தீர வேண்டிய நிலையை அந்தக் கோப்பு உண்டாக்கியது.

எந்தப் பொது?

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் நாம் பாடம் கற்றவர்களாக மாட்டோம். இரண்டு சிக்கல்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, பெரும்பான்மை. அணைகளில் மூன்று இருந்த சிஸ்கியூ மாவட்டத்தில் 2010 நவம்பரில் மக்களிடம் கருத்து வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 79 சதவீதத்தினர் அணையை அகற்றக் கூடாது என்று வாக்களித்தார்கள். ஏரிக்கரை வீட்டுக்காரர்களுக்கும், நிலமதிப்பும் வரி வருமானமும் போய்விடும் என்று அஞ்சியவர்களுக்கும் உண்மையான இழப்பு இருந்தது. அதை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் 'பொதுமக்கள் கருத்து' என்பது தலையை எண்ணுவது மட்டும்தான் என்றால், நிலமும் எண்ணிக்கையும் பறிக்கப்பட்ட மக்கள் எந்த நாளும் தோற்கத்தான் வேண்டும். நம் ஊர்களில் நடக்கும் கிராமக் கூட்டத்தைப் போன்றது அது. கை தூக்கச் சொன்னால் ஊர்தான் ஜெயிக்கும். நிரந்தரமான சமூகப் பெரும்பான்மையின் ஆட்சி ஜனநாயகமாகாது என்று அண்ணல் ஓயாமல் எச்சரித்ததும் இதைத்தான். உரிம விசாரணை வாக்கெடுப்பாக இல்லாமல், சாட்சியத்தை எடைபோடும் இடமாக இருந்ததால்தான் சிறுபான்மை மக்களின் சொல் அங்கே நின்றது.

இரண்டாவது, ஒப்பந்த மேசை. 2010 பிப்ரவரியில் அணையை அகற்றும் ஒப்பந்தமும் ஆற்று நீரைப் பகிரும் ஒப்பந்தமும் கையெழுத்தாயின. யூரோக், காருக், கிளமாத் பழங்குடிகள் கையெழுத்திட்டார்கள். ஹூபா மக்கள் மறுத்தார்கள். தங்கள் நீருரிமையையும் மீனுரிமையையும் மற்றவர்கள் பேசி விட்டுக்கொடுக்க முடியாது என்பது அவர்கள் நிலை. இதற்கிடையில் உரிமம் முடிந்த 2006 முதல் நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பில் அதே பழைய நிபந்தனைகளோடு அணையை ஓட்டிக்கொண்டிருந்தது. மாநிலங்களுக்கான நீர்ச்சான்று விண்ணப்பத்தை ஒவ்வோர் ஆண்டும் திரும்பப் பெற்று மீண்டும் கொடுத்துக் காலம் கடத்தப்பட்டது. மாநில அரசுகளும் அதற்கு உடன்பட்டிருந்தன. ஹூபா மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019 ஜனவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிக் காலம் கடத்திய மாநிலங்கள் தங்கள் அதிகாரத்தைக் கைவிட்டவையே என்று தீர்ப்பளித்தது.

பழங்குடிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்றும் நாம் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு மக்களின் பிரதிநிதி கையெழுத்திட்டால் எல்லா மக்களும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கெழுதுவது அதிகாரத்தின் பழைய பழக்கம். மேசைக்கு அழைக்கப்பட்டவரின் உரிமையைப் போலவே, மேசைக்கு வர மறுத்தவர் நீதிமன்றம் போகும் உரிமையும் பங்கேற்புதான்.

2010 ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றம் அனுமதி தரவில்லை. 2015 இறுதியோடு நீர்ப்பகிர்வு ஒப்பந்தம் காலாவதியானது. 2016 ஏப்ரலில், ஆறு கடலைச் சேரும் யூரோக் மண்ணில், நாடாளுமன்றத்தை நம்பாமல் ஆணையத்தின் வழியே அணையை அகற்றும் திருத்திய ஒப்பந்தம் கையெழுத்தானது. 45 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 20 கோடி மின் நுகர்வோரிடமிருந்து, 25 கோடி கலிபோர்னியாவின் நீர்ப் பத்திர நிதியிலிருந்து. 2022 நவம்பர் 17 அன்று ஆணையம் உரிமத்தை ஒப்படைக்கவும் அணைகளை அகற்றவும் ஒப்புதல் தந்தது. உரிமம் முடிந்து 16 ஆண்டுகள் ஓடியிருந்தன.

2023 இல் ஓர் அணையும் 2024 இல் மீதி மூன்றும் அகற்றப்பட்டன. அந்த அக்டோபரிலேயே, ஜே.சி. பாயில் அணை இருந்த இடத்துக்கு மேலே, ஒரேகானின் கிளையோடை ஒன்றில் சினூக் சால்மன் காணப்பட்டது. 1912க்குப் பிறகு அங்கே முதல்முறை. ஷாஸ்டா மக்களுக்கு, மூழ்கியிருந்த மண் உட்பட சுமார் 2,800 ஏக்கர் நிலத்தைத் திருப்பித் தருவதாகக் கலிபோர்னியா ஆளுநர் 2024 ஜூனில் அறிவித்தார். ஆனால் மேலே இன்னும் இரண்டு அணைகள் நிற்கின்றன. பாசன நீருக்கான போட்டியும் தீரவில்லை. கூட்டங்களுக்குப் போய்ப் பேசிய மூத்தோர் பலர் மீன் திரும்பியதைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

நமக்கு என்ன?

அணை என்றாலே எதிர்க்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது தாமோதர், மகாநதிப் பள்ளத்தாக்குத் திட்டங்களை முன்னெடுத்தவர். வெள்ளமும் வறட்சியும் ஏழையைத்தான் முதலில் கொல்லும், மின்சாரமும் பாசனமும் அவனுக்கு விடுதலையின் கருவியாகலாம் என்ற பார்வை அதன் பின்னால் இருந்தது. அதை நாம் கைவிட வேண்டியதில்லை. அந்த ஆற்றிலும் அந்த மின்சாரத்திலும் நம் பங்கு என்ன என்று கேட்கும் இடம் எங்கே என்பதே நம் கேள்வி.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் அனுமதிக்கான விதி 1994 இல் வந்தது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 1997 இல் கட்டாயமானது. அது திட்டம் தொடங்குமுன் நடக்கும் ஒரு கூட்டம். போலீஸ் பந்தோபஸ்தோடு பந்தல் போட்டு, முன்வரிசையில் யார் உட்காருவார்கள், ஒலிபெருக்கி யார் கைக்குப் போகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். அணை கட்டி முடிந்தபின் மக்களை மீண்டும் கூட்டி, இந்த ஐம்பது ஆண்டில் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன போனது என்று கேட்கும் நாள் நம் சட்டத்தில் இல்லை. 1932 இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காராவுக்கும் 1934 இல் கட்டி முடிந்த மேட்டூருக்கும் முடியும் தேதி கிடையாது.

1886 இல் முல்லைப் பெரியாறுக்காகத் திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை அரசும் போட்ட குத்தகை 999 ஆண்டுக்கானது. அந்த நீரில் தென்மாவட்டங்களுக்குள்ள உரிமையை நாம் கேள்வி கேட்கவில்லை. அந்தக் காலத்தின் நீளத்தைத்தான் சுட்டுகிறோம். அந்த மலைக்காட்டில் வாழ்ந்த மன்னான், பளியர் மக்கள் அந்தக் குத்தகையில் எந்தத் தரப்பாகவும் இல்லை. 999 ஆண்டுக்குக் கையெழுத்திடும்போது எத்தனை தலைமுறையின் வாயை மூடுகிறோம் என்று இரண்டு அரசுகளில் ஒன்றும் யோசிக்கவில்லை. காலக்கெடு இல்லாத அதிகாரத்தை நாம் நன்றாக அறிவோம். சாதி அப்படிப்பட்ட ஓர் அதிகாரம். அதற்குத் தொடக்கம் தெரியாது, முடியும் தேதி எழுதப்படவில்லை, புதுப்பிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே கிளமாத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை நான்கு. பொதுச் சொத்தின் மீது தரப்படும் எந்த அனுமதிக்கும் முடியும் தேதி வேண்டும். அந்தத் தேதியில் அதிகாரம் மக்களிடம் திரும்பி வந்து கேட்க வேண்டும். கூட்டத்தில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பதிவாக வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் வர வேண்டும். பேசியவர் வழக்கின் தரப்பாகி, முடிவை எதிர்த்து நீதிமன்றம் போக வழி இருக்க வேண்டும். நான்காவது நாம் அரசிடம் கேட்க வேண்டியதல்ல, நாமே செய்ய வேண்டியது. நம் சாட்சியத்தை நாமே தயாரிக்க வேண்டும்.

இந்த இலக்கிய அமைப்பிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலித் எழுத்து நாற்பது ஆண்டுகளாகச் செய்துவருவது சாட்சியம் சொல்லும் வேலை. நம் தன்வரலாறுகளில் எந்தக் கிணறு, எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று எழுதிவைத்திருக்கிறோம். அடுத்த வேலை அதை நிர்வாகத்தின் கோப்புக்குள் கொண்டுபோய் வைப்பது. சேரிக்குக் குடிநீர் வரும் குழாய் எந்த நாளில் வருகிறது, ஏரி தூர்ந்தபின் மீன் பிடித்தவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஆலைக் கழிவு கலந்தபின் எந்த வீட்டில் என்ன நோய், ஏரிப் பாசன நீர் கடைமடையில் உள்ள பஞ்சமி நிலத்துக்கு எத்தனை முறை வந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத நம் பிள்ளைகளில் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சமூகவியல் பட்டம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைப்பதற்கு மட்டுமானதல்ல. அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாம் வெறுங்கையோடு போகாமல், தேதியிட்ட, கையெழுத்திட்ட, எண்ணிட்ட ஏட்டோடு போவோம். வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டும் கேட்டு வாங்குவோம்.